கௌளி எந்தத் திசையில் சொல்லிற்று?

யாரேனும் ஒரு பேச்சை முடிக்கும் தறுவாயில் சுவரில் பல்லி கத்திவிட்டால், பாட்டி விரல் முட்டியால் தரையைத் தட்டி, "பல்லியே சொல்லிடுச்சு, நடக்கும்" என்பார். ஒலி வந்த திசையை வைத்துப் பலன் கூறும் கௌளி சாஸ்திரம் அவருடைய பஞ்சாங்கத்தில் இருந்தது. அந்தக் குரல் யாரை நோக்கி எழுகிறது என்பதை நான் கவனிக்கத் தொடங்கியது, சமையலறைக் குழல்விளக்கின் கீழ் இரவுகளில் நின்று பார்க்கப் பழகிய பிறகுதான்.

விளக்கின் இடப்புறம் பருத்த பல்லி ஒன்று குடியிருக்கிறது. பூச்சியை விழுங்கிய பின்பும், சில வேளை எச்சமிட்ட பின்பும், 'டிக் டிக் டிக்' எனத் தொடராகக் குரல் கொடுக்கும். 1970-களில் வீட்டுப் பல்லியின் குரல்களை ஆராய்ந்த டேல் மார்செலினி அவற்றை மூவகையாகப் பிரித்தார்: பெரும்பாலும் ஆண்கள் தம் எல்லையை அறிவிக்கும் இந்தத் தொடரொலி, சண்டையின்போது எழும் கரகரப்பு, பிடிபடும்போது வரும் ஒற்றைக் கீச்சொலி. பல்லி நாக்கைத் தட்டி ஒலியெழுப்புவதாகப் பலர் கருதுகிறார்கள். உண்மையில் நுரையீரலிலிருந்து வரும் காற்றைக் கொண்டு குரல்வளைதான் அந்த ஒலியை உண்டாக்குகிறது. 

என்னை மிகவும் வியக்கவைப்பது பல்லியின் காதுதான். அதற்குக் காதுமடல் இல்லை. நமக்கு மூன்று எலும்புகள் செய்யும் வேலையை அதன் நடுச்செவியில் ஒரே ஒரு மெல்லிய எலும்புத்தண்டு செய்கிறது. அதன் தலையோ ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அவ்வளவு தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ 34,000-இல் ஒரு பங்கு நேரமே ஆகும் என்பதால், எந்தக் காதுக்கு ஒலி முதலில் எட்டியது என்பதைக் கொண்டு மட்டும் திசையறிவது மிகக் கடினம். ஆனால் பல்லியின் இரு நடுச்செவிகளும் வாய்க்குழியின் வழியே அகலத் திறந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஆகவே ஒரு பக்கத்துச் செவிப்பறையை வெளியிலிருந்து அழுத்தும் அதே ஒலி, மறுகாதின் வழியாக நுழைந்து உட்புறமிருந்தும் அழுத்துகிறது. இவ்விரு அழுத்தங்களின் வேறுபாட்டுக்கு ஏற்பவே பறை அதிர்வதால், ஒலி வரும் பக்கத்துப் பறை மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் அசைகின்றன. கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்டு, மேன்லி என்னும் ஆய்வாளர்கள் 2005-இல் இதை லேசர் கொண்டு அளந்து காட்டினார்கள். திசைக்குப் பலன் பார்த்த நம் வீடுகளின் சுவரிலேயே, திசையை இவ்வளவு நுட்பமாக அறியும் காது ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சென்ற மாதம் ஓரிரவு, பரணிலிருந்து இளம் பல்லி ஒன்று விளக்கை நோக்கி இறங்கி வந்தது. இடப்புறத்துப் பல்லி அலமாரிக்குப் பின்னே மறைந்திருந்தபடி ஒருமுறை சொல்லியது. இளையது நின்றது, தலையை அலமாரியின் பக்கம் திருப்பியது, சற்று நேரம் அசையாமலிருந்து, வந்த வழியே மெல்ல ஏறிப் பரணுக்குள் போய்விட்டது.