நெட் பறக்குது, சிங்க் ஏன் ஊருது?

ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் காட்டுது, கிளவுட் சிங்க் (நம்ம ஃபைல்களை இணையச் சேமிப்புல ஏத்தி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கறது) மட்டும் ஏன் முடியவே மாட்டேங்குதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க.

முதல்ல, அது மெகாபிட். எட்டால வகுத்தா வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். அதுவும் டவுன்லோடுக்கு. பல இணைப்புகள்ல அப்லோடு அதைவிட ரொம்பக் கம்மி. இது பாதிப் பேருக்குத் தெரிஞ்ச கதை, விடுங்க.

நிஜ வில்லன் பொடிப்பொடி ஃபைல்கள்தான். தலா 5 கேபியில 10,000 ஃபைல் இருக்கற ஃபோல்டர்னு வச்சுக்குங்க. மொத்தமே 50 எம்பி. ஒரே ஃபைலா இருந்தா 100 எம்பிபிஎஸ்ல 4 நொடி வேலை. ஆனா ஒவ்வொரு ஃபைலுக்கும் "இது உன்கிட்ட இருக்கா?"ன்னு சர்வரைக் கேட்டு, அனுப்பி, "வந்து சேர்ந்துச்சு"ன்னு பதில் வாங்கணும். ஒருமுறை போய்வர 200 மில்லிசெகண்ட், மூணு முறைன்னா 0.6 நொடி. ஒண்ணொண்ணா போனா 100 நிமிஷம்! அவ்வளவு நேரமும் லைன் சும்மாதான் கிடக்கும். பல ஃபைலை ஒரே நேரத்துல அனுப்பற ஆப் கொஞ்சம் தேவலாம். இன்னும் வேகமான நெட் பிளானுக்கு மாறினா இந்தக் காத்திருப்பு குறையும்னு மட்டும் நம்பிடாதீங்க.

கம்ப்யூட்டர் பக்கமும் வேலை உண்டு. டிராப்பாக்ஸ்ங்கற கிளவுட் ஆப் ஃபைலை 4 எம்பி துண்டுகளா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஹேஷ் போடும், அதாவது உள்ள இருக்கறதை வச்சு ஒரு அடையாளக் குறியீடு கணக்கிடும். பழைய ஹார்ட் டிஸ்க்னா அங்கேயே திணறும்.

முடிஞ்சு போன ப்ராஜெக்ட்களை நான் ஜிப் பண்ணி, ஒரே ஃபைலாக்கித்தான் ஏத்துறேன். தினமும் திறக்கற ஃபோல்டருக்கு அது சரிப்படாது, ஒரு வரி மாத்தினாலும் ஜிப்பை மறுபடி போடணும்.