கிணறு ஒன்றா, இரண்டா?

மொரீஷியஸில் நாங்கள் ரோஸ் ஹில்காரர்கள். அம்மா ஸ்வெட்டர் பின்னும் ஆலையில் வேலை பார்த்தார். 2005-இல் அதை மூடிவிட்டார்கள். துணி ஏற்றுமதிக்கு நாடுவாரியாக இருந்த கோட்டா அந்த ஜனவரியோடு போனது. சீனச் சரக்கோடு விலையில் மல்லுக்கட்ட எங்கள் ஆலைகளால் முடியவில்லை. நான் அப்போது பொருளாதாரம் இரண்டாம் வருடம். “ஏன் மூடினாங்க? நீ படிக்கிறியே, சொல்லு” என்று அம்மா எங்களூர் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். ஒப்பந்தம், கோட்டா என்று ஏதோ உளறினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

இங்கிலாந்தில் முதுகலை முடிக்கும்போது ஓ.டி.ஐ. ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். லண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று 1963-இல் தொடங்கிய திட்டம். இளம் பொருளாதாரப் பட்டதாரிகளை வளரும் நாட்டு அமைச்சகங்களுக்கு இரண்டு வருடம் அனுப்புவார்கள், ஆலோசகராக இல்லை, அந்த அரசாங்க ஊழியராகவே. உள்ளூர்ச் சம்பளத்தை அந்த அரசு தரும். மேலே கொஞ்சம் இவர்கள் போடுவார்கள்.

முதல் நேர்காணலில் என் ஆய்வேட்டில் இருந்த ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கை விளக்கியே நேரத்தைத் தீர்த்தேன். கிடைக்கவில்லை. மறு வருடம், உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் (1977-இல் நோபல் வாங்கியவர்) 1961-இல் எங்கள் தீவுக்கு நல்ல காலம் தெரியவில்லை என்று எழுதியது, 1970-இல் வந்த ஏற்றுமதி மண்டலச் சட்டம், அதனால் அம்மாவுக்குக் கிடைத்த வேலை, பிறகு அது போனது. ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். ஒரு சமன்பாடு கிடையாது.

இந்த முறை கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மலாவி நிதியமைச்சகம், தலைநகர் லிலோங்வே. எந்த நாடு எவ்வளவு உதவி தருகிறது என்ற எக்ஸெல் தாள் என் பொறுப்பு. கேட்க எளிது. மலாவிக்கு அப்போது நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். பிரிட்டனுக்கு ஏப்ரல், அமெரிக்காவுக்கு அக்டோபர். கொடுத்தவர் கணக்கில் போன வருடப் பணம், எங்கள் கணக்கில் இந்த வருடப் பணம். போதாததற்குக் கிணறு தோண்டும் திட்டம் ஒன்று இரண்டு வரியில் ஏறியிருந்தது: பணம் தந்த நாடு ஒரு வரி, செலவழித்த தொண்டு நிறுவனம் இன்னொரு வரி. கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பெருமையாக அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“சரி, தண்ணி வந்துச்சா?”

நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒப்பந்த வேலைதான், ஆறு மாதம், பதினொரு மாதம் என்று. தைப்பூசக் காவடிக்கு எங்களூரில் அரசு விடுமுறை. ஊரில் இருந்து பார்த்து நான்கு வருடம் ஆகிறது. இப்போதைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.