பத்துப் பேர் வேண்டும்

யூதர்களின் 'காதிஷ்' பிரார்த்தனையைப் பற்றிப் படித்ததிலிருந்து அது மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அம்மாவோ அப்பாவோ இறந்தால் பிள்ளை 11 மாதம் தினமும் சொல்வது. பெரும்பகுதி அரமேய மொழி. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; முழுக்க இறைவனின் பெயரைப் போற்றுவதுதான்.

ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேராவது கூட வேண்டும், அதற்குப் பெயர் 'மின்யான்'. முதல் ஏழு நாள் துக்கக்காரர் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்தார்தான் வீடு தேடி வந்து பத்தை நிரப்புவார்கள். ஒன்பது பேர் வந்துவிட்டால் பத்தாவது ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். துக்கக்காரரின் குரல் உடைந்து நின்றாலும், சுற்றி நிற்பவர்களின் 'ஆமென்' தாங்கிக்கொள்ளும்.

மரபில் ஆண்களை மட்டுமே எண்ணினார்கள்; காதிஷ் சொல்வதும் மகன்தான். (இப்போது பல சபைகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள்.) 1916-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா சோல்ட் என்ற யூதப் பெண் தலைவரின் அம்மா இறந்தபோது, நண்பர் ஒருவர் தான் காதிஷ் சொல்வதாக முன்வந்தார். சோல்ட் நெகிழ்ந்து நன்றி சொல்லி, தானே சொல்வதாக மறுத்துக் கடிதம் எழுதினார். எட்டு மகள்கள், ஒரு மகன்கூட இல்லாத வீடு. அப்பா இறந்தபோதும், மகள்களின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லையாம்.