தொலைக்காட்சிப் பண்பாட்டுத் தாள்: எழுதியவர் எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்தார்?

முடிவு வந்துவிட்டது. தொலைக்காட்சியும் வெகுசனப் பண்பாடும் தாளில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். கட்டுரைக் கேள்விகள்தான் தூக்கிவிட்டன. இந்தத் தேர்வுக்கு எப்படிப் படித்தேன் என்பதை, மனம் லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: இவர் எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு இதை எழுதினார்? எந்த நாடு, எந்த ஆண்டு, நடுவே விளம்பரம் வந்ததா? இது தெரிந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். என் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸின் 'ஓட்டம்' (flow) என்ற கருத்தை வரையறையாக மனப்பாடம் செய்தால் இரண்டு வரிக்குமேல் எழுத முடியாது. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் பழகிய மனிதர், அமெரிக்காவின் மயாமியில் ஓர் இரவு அமர்ந்து படம் பார்க்கிறார். நடுநடுவே விளம்பரம், வேறு நாள் வரப்போகும் படங்களின் முன்னோட்டம். எது எதோடு சேர்ந்தது என்றே பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் 1974-இல் வந்த அவருடைய புத்தகத்தின் மையக் கருத்து பிறந்தது: ஒளிபரப்பாளர் திட்டமிடுவது தனித்தனி நிகழ்ச்சிகளை அல்ல, மாலை முழுவதையும். இதை எழுதிவிட்டு, தொழில்நுட்பமே சமூகத்தை மாற்றிவிடுகிறது என்ற ஊடகக் கோட்பாட்டாளர் மெக்லூஹனின் பார்வையை அவர் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து அமெரிக்க ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன், 1985-இல் வந்த 'Amusing Ourselves to Death' புத்தகம். நம்மை அடக்குவது ஆர்வெல் நாவலில் வரும் ஒடுக்குமுறையா, ஹக்ஸ்லி நாவலில் வரும் இன்பமா என்ற ஒப்பீட்டை எல்லோரும் எழுதுவார்கள், அதோடு நிறுத்துவார்கள். அவர் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைத் திட்டவில்லை. செய்தி, மதம், தேர்தல், கல்வி எல்லாம் பொழுதுபோக்கின் வடிவத்துக்குள் போய்விடுவதுதான் அவருடைய கவலை. தொலைக்காட்சி தன்னைப் பெரிய விஷயமாகக் காட்டிக்கொள்ளும்போதுதான் ஆபத்து என்கிறார். ஹாலிவுட் நடிகராக இருந்தவர் அமெரிக்க அதிபராக இருந்த காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஊடக ஆய்வாளர் இயன் ஆங். நெதர்லாந்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்து, 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடர் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். வந்தவை 42 கடிதங்கள். அவ்வளவுதான் தரவு. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்தின் கதை யாருடைய வாழ்க்கையையும் போல இல்லை. ஆனாலும் அதில் வரும் ஏமாற்றமும் பொறாமையும் உண்மையானவை என்று வாசகிகள் உணர்ந்தார்கள். இதைத்தான் அவர் உணர்ச்சி யதார்த்தம் என்றார். தொடர் பார்க்கும் பெண்களை ஏளனம் செய்யாத அவருடைய 'Watching Dallas' புத்தகத்தை முழுதாகப் படியுங்கள், சுருக்கம் போதாது. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும் அதே 1985-இல்தான். போஸ்ட்மனையும் இவரையும் எதிரெதிரே நிறுத்தினால் ஒரு முழுக் கட்டுரை தயார்.

மற்றவை வேகமாக:

- ஸ்டூவர்ட் ஹால் 1973: பார்ப்பவர் செய்தியை அப்படியே ஏற்பது, பாதி ஏற்பது, எதிர்ப்பது என்ற மூன்று வாசிப்பு நிலைகளை மட்டும் எழுதாதீர்கள். டேவிட் மோர்லி (1980) அதை 29 குழுக்களிடம் சோதித்தார். ஒரே வர்க்க நிலையில் இருந்தவர்களும் வேறுவேறாக வாசித்தார்கள்.
- பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ 1996: தொலைக்காட்சியை விமர்சித்த அந்த உரைகள் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பாயின. செய்தியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தே செய்தி செய்கிறார்கள் என்ற பகுதி கட்டாயம்.
- இந்தியத் தொலைக்காட்சியை ஆராய்ந்த பூர்ணிமா மன்கேகர் 1999, அரவிந்த் ராஜகோபால் 2001: தூர்தர்ஷன் காலத்து 'ராமாயண்' தொடர் இருவருக்கும் முக்கியம். சேர்த்தே படியுங்கள்.
- பிறர் எழுதிய குறிப்புகள்: வேண்டாம். மூல நூலின் முன்னுரையும் முதல் இயலும் அதைவிட மேல். நான் மெதுவாகப் படிப்பவள், எனக்கே நேரம் போதுமாக இருந்தது.

'ஸ்ட்ரீமிங் வந்தபின் ஓட்டம் என்ற கருத்து செல்லுமா?' என்றொரு கேள்வி வந்தது. செல்லும் என்று எழுதினேன். அட்டவணை போய்விட்டது. ஆனால் ஓர் அத்தியாயம் முடியுமுன்பே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. பார்ப்பவர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது. வில்லியம்ஸ் பார்த்த தொலைக்காட்சியில் அந்த வேலை அட்டவணை போடுபவருடையது. இந்த வேறுபாட்டை விளக்கவே இரண்டு பக்கம் ஆனது.