நாரியில போடுற ஊசியில எது திறம்?

லண்டன் மச்சாள் வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்கிறா, கிளிநொச்சியில இருக்கிற தன்ர தங்கச்சிக்கு அடுத்த மாசம் சிசேரியனாம், அங்க நாரியில ஊசி போட்டு விறைக்கப்பண்ண இப்பவும் பழைய பியூபிவக்கேன் மருந்துதானாமே, றோபிவக்கேன் எண்டு புதுசா ஒண்டு இருக்காம், அதைப் போடச்சொல்லிக் கேக்கட்டோ எண்டு. வன்னியில தியேட்டர் நர்ஸா இருந்தா இப்பிடிக் கேள்வி கனக்க வரும். வொய்ஸில சொல்லி முடியாது, அதான் இஞ்ச எழுதுறன்.

பியூபிவக்கேன் 1957ல செய்த மருந்து, உண்மைதான், பழசுதான். றோபிவக்கேன் பாவனைக்கு வந்தது 1996ல. அது ஏன் வந்தது எண்டதுதான் விசயம். எபிடியூரல், அதாவது முள்ளந்தண்டுத் தண்ணிப் பைக்கு வெளியில மருந்து விடுற ஊசி, போடேக்க பியூபிவக்கேன் தவறி ரத்தக்குழாய்க்குள்ள போய் இதயம் நிண்டு செத்த ஆக்கள் இருக்கினம், அதில பிள்ளைப்பேற்றுக்கு வந்த தாய்மாரும் அடக்கம், அதாலதான் அமெரிக்காவில 1984ல 0.75 வீத மருந்தைப் பிள்ளைப்பேற்றுக்குப் பாவிக்க வேண்டாமெண்டு சொன்னது. பிறகு இதயத்துக்குக் கெடுதல் குறைஞ்சதா தேடித்தான் லீவோபியூபிவக்கேனும் றோபிவக்கேனும் வந்தது. ஆனா எபிடியூரலுக்கு ஒப்பரேஷன் எண்டா 100 மில்லிகிராம் மட்டில போகும், ஸ்பைனலுக்கு, அதாவது சிசேரியனுக்கு அந்தத் தண்ணிக்குள்ளயே விடுற ஊசிக்கு, 10, 12 மில்லிகிராம்தான். அவ்வளவு சின்ன அளவில அந்த இதயக் கதைக்கு இடமே இல்லை. ஆக மச்சாள் கேட்ட "புதுசு, பாதுகாப்பு" எண்ட நியாயம் ஸ்பைனலுக்கு பெருசாப் பொருந்தாது.

மற்றது, நாங்கள் போடுறது ஹெவி பியூபிவக்கேன். 0.5 வீதம், ஒரு மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் குளுக்கோஸ் கலந்திருக்கும், அதால முள்ளந்தண்டுத் தண்ணியை விடப் பாரம், சீனிப்பாணி தண்ணிக்குள்ள தாழுற மாதிரி சரிவு எங்கயோ அங்க போகும். இருத்தி வச்சுப் போட்டிட்டு உடன படுக்கவைச்சா நெஞ்சுப் பக்கம் ஏறும். கட்டிலைச் சரிச்சு விறைப்பு எந்த மட்டத்துக்கு ஏறவேணும் எண்டதை ஓரளவுக்கு எங்கட கையில வச்சிருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விசயமாத் தெரியுது.

றோபிவக்கேனில நல்லது இல்லையெண்டு சொல்லேல்ல. கால் கெதியா உயிர்க்கும், தாய் கெதியா எழும்பி நடக்கலாம். ஆனா வலு குறைவு, அதால அளவு கூடப் போடவேணும், விறைப்பும் முந்தி விட்டிடும். முதல் சிசேரியன் எண்டா பரவாயில்லை, மூண்டாவது எண்டு வந்து உள்ளுக்க எல்லாம் ஒட்டிக்கிடந்தா ஒப்பரேஷன் இழுபடும், நடுவில நோ வந்தா முழு மயக்கம் குடுக்கவேண்டியும் வரலாம், கர்ப்பிணிக்கு அது லேசான வேலை இல்லை. அந்தப் பயத்திலயே நான் பியூபிவக்கேன் பக்கம். பல்லுப் புடுங்கப் போடுற லிக்னோக்கேனையும் ஒரு காலம் முதுகில போட்டவைதான், பிறகு குண்டியிலயும் காலிலயும் ரெண்டொரு நாளைக்கு நோகுது எண்டு பாத்துக் கைவிட்டது.

உண்மையில கவனிக்கவேண்டியது பிரஷர். எந்த மருந்து போட்டாலும் அது இறங்கும், ஓங்காளம் வாறதும் கனதரம் அதாலதான், அதுக்குத்தான் இடப்பக்கம் சரிச்சுப் படுக்கவைக்கிறதும் பிரஷரை ஏத்துற பினைலெஃப்ரின், எஃபெட்ரின் கையில வச்சிருக்கிறதும். வெட்ட முதல் குளிரா எதையாவது வச்சு முலைக்காம்பு மட்டம் வரைக்கும் விறைச்சிட்டுதா எண்டு பாப்பினம், பொய் சொல்லாமல் தெரிஞ்சதைச் சொல்லவேணும். நோ இருக்காது, இழுபடுறது தெரியும்.

தங்கச்சி மருந்துப் பேரைக் கேக்கிறதை விட, முந்தி ஊசிக்கு ஏதும் ஒவ்வாமை வந்ததா, ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறாவா எண்டதை மயக்க மருந்து டொக்டரிட்ட சொல்லட்டும். ஊசியோட கொஞ்சம் மோர்பினும் சேப்பினம், ஒரு நாள் மட்டில நோ குறைவா இருக்கும், ஆனா மூக்கும் முகமும் கடிக்கும், சொறிஞ்சுகொண்டிருப்பா, அதைப் பாத்திட்டு அலேர்ஜி எண்டு லண்டனுக்கு கோல் எடுக்கவேண்டாம், வோட்டில நிக்கிற மிஸ்ஸியிட்ட சொன்னாக் காணும்.