நாள் தள்ளுவதற்கு முன்

ஜனவரி 6, 2025

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து டாக்டரைப் பார்த்தோம். முதலில் எழுதியதே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரைதான். தினமும் 400 மைக்ரோகிராம், இன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னார். "இன்னும் ஒண்ணுமே ஆகலையே டாக்டர்" என்றார் இவர். "ஆனப்புறம் ஆரம்பிச்சா லேட்டு சார்."

கருவின் மூளையும் தண்டுவடமும் தொடக்கத்தில் தட்டையாக இருந்து, பிறகு மடிந்து, குழாய் போல மூடிக்கொள்கின்றன. கரு உருவான 28 நாளுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். கீழே சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தபடி குழந்தை பிறக்கும். மேலே மூடாவிட்டால் மூளையே முழுதாக உருவாகாது. ஃபோலிக் ஆசிட் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் நாள் தள்ளி, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, கிட் வாங்கி, டோக்கன் போட்டு டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் அந்த 28 நாள் பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். அதனால்தான் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

மருந்துக் கடையில் 5 மில்லிகிராம் அட்டையை நீட்டினார்கள். "எல்லாரும் இதைத்தான்மா வாங்குறாங்க." பன்னிரண்டு மடங்குக்கு மேல்! வாட்ஸ்அப்பில் டாக்டரைக் கேட்டேன். முன்பு இப்படிப் பாதிப்போடு குழந்தை பிறந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போன்றவர்களுக்குத்தான் அது, எனக்குத் தேவையில்லை என்றார். அடுத்த கடையில் 400 கிடைத்தது.

ஜனவரி 16

காணும் பொங்கல். வீடு நிறைய ஆட்கள். அட்டையைப் பார்த்துவிட்டு அத்தை, "முருங்கைக்கீரையில இல்லாத சத்தாம்மா இதுல இருக்கு?" என்றார். கீரையில் இருக்கிறதுதான். பாசிப்பயறு, காராமணி, கொண்டைக்கடலையிலும் இருக்கிறது. ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்தால் கணிசமான பங்கு அதோடு போய்விடும், சூட்டிலும் குறையும். மாத்திரையில் இருப்பதை உடம்பு இன்னும் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. கீரையும் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன் என்றதும் அத்தை விட்டுவிட்டார்.

நாங்கள் சைவம் என்பதால் ரத்தத்தில் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். குறைவாகத்தான் வந்தது. ஃபோலிக் ஆசிட் மட்டும் நிறையப் போட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், பி12 குறைவால் நரம்புக்கு வரும் சேதம் மட்டும் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். இப்போது இரண்டு மாத்திரை.

பிப்ரவரி 9

இந்த மாத்திரையின் கதையைத் தேடிப் படித்தால் அது நம் திருவல்லிக்கேணியில் வந்து நிற்கிறது! லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், 1928 வாக்கில் பம்பாய்க்கு வந்து, மில் தொழிலாளிக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டில் செய்த மார்மைட்டைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலேட் என்று தெரியவந்தது. அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். அவர் குன்னூரிலும் வேலை செய்திருக்கிறார். 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்திருக்கிறார். சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், எனக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மருத்துவம் முடித்து அமெரிக்கா போனவர். 1945-இல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி மருந்துக் கம்பெனியில் அவருடைய குழுதான். அவருடன் பிறந்தவர்களில் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். பிற்காலத்தில் அதற்கும் ஃபோலிக் ஆசிட் மருந்தானது. ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

மார்ச் 17

இந்த மாதமும் பீரியட் வந்துவிட்டது. மாத்திரை தொடர்கிறது.

ஏப்ரல் 21

இரண்டு கோடு! டாக்டர் கணக்கில் ஐந்து வாரம், கரு உருவாகி மூன்று வாரம் இருக்கும். அந்தக் குழாய் இப்போதுதான் மூடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

மே 5

கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண்ணுக்காக ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். 12 வாரம் முடியும்வரை ஃபோலிக் ஆசிட், அதன்பிறகு இரும்புச் சத்தோடு சேர்ந்த மாத்திரை என்றார் நர்ஸ். பக்கத்தில் மூன்றாவது மாதத்தில் முதல் தடவையாக அட்டை வாங்கிய பெண் ஒருத்தி. இப்போது போட்டாலும் ரத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் முக்கியமான வேலைக்கு நேரம் போய்விட்டது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? என்னைக் கேட்டால், இந்த அட்டையைக் கல்யாணத்தைப் பதிவு செய்யும் இடத்திலேயே கொடுக்க வேண்டும்.

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். "இப்பவே குழந்தை வேண்டாம்க்கா" என்கிறாள். திட்டம் போடாமலும் வருமே, போட்டுக்கொள் என்றேன். அம்மாவுக்குத்தான் கோபம்: "முதல்ல பத்திரிகை அடிக்கட்டும்டீ, அப்புறம் மாத்திரையைப் பார்க்கலாம்."