கட்டிலை இடம் மாற்றியபோது

செட்டிநாட்டில், கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரில், பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோன பெரியவர் ஒருவரைக் கவனிக்க வாரம் மூன்று நாள் சென்று வருகிறேன். முதல் நாள், சிறுநீர்க் குழாயையும் இடுப்பின் பின்புறம் தொடங்கியிருந்த படுக்கைப் புண்ணையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் மனைவி, ஆச்சி, தேக்குத் தூணில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்திருந்தார்.

"ஆச்சி, ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டேன். ஐயாவின் உடல்நிலையை விசாரிக்க வந்த உறவினர் எவரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை போலும். பதில் சொல்லாமல், மாடத்திலிருந்த தம் இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஒரு மாதத்துக்கு முன் வாங்கியதில் இரண்டுதான் குறைந்திருந்தன.

பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஐயாவின் கட்டிலை முகப்பை ஒட்டிய அறையில் போட்டிருந்தார்கள். தண்ணீரோ வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்கு அப்பால் இருந்தது. துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் எழுபது வயதைத் தாண்டியவர், உயரமான நிலைப்படிகளை ஏறி இறங்கி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரையில் வாளியோடு நடந்திருக்கிறார். (இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கல்யாணத்தை நினைத்துக் கட்டினார்கள், படுக்கையில் விழுபவரை நினைக்கவில்லை.) மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கட்டிலை இரண்டாம் கட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவது எளிது. தனியாக இருப்பவரிடம் அதை மட்டும் சொன்னால், அது குற்ற உணர்ச்சியைத்தான் கொடுக்கும். ஆகவே இடுப்புக்கு அடியில் மடித்த போர்வையை விரித்து, ஆளைத் தூக்காமல் போர்வையைப் பிடித்து இழுத்துத் திருப்பும் முறையை, அவர் கையாலேயே நான்கு முறை செய்ய வைத்துப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து தினமும் காணொளியில் மருந்துப் பெயர்களைக் கேட்கும் மகனிடம், இரவுக்கு ஓர் ஆளை அமர்த்தி, அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுமாறு நேராகவே சொன்னேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பெரிய வீட்டுக்காரர்கள் அரசு மாத்திரை வாங்குவதா என்ற தயக்கத்தில் ஆச்சி பெயரைப் பதியாமலே இருந்தார். அந்தக் கூச்சத்தை உடைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் முதலில் மாடத்திலிருக்கும் அட்டையைத்தான் எடுத்து எண்ணுகிறேன். ஐயாவின் புண்ணைப் பிறகு பார்க்கிறேன்.